யார் திருத்தியது, ஏன் திருத்தியது? – 'கிட்' பிறந்த கதை

வீடு, மனை வாங்கியவர்களுக்குத் தாய்ப்பத்திரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நம் கையில் இருக்கும் கிரயப் பத்திரம், தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சொல்லும். அது தனக்கு முந்தையதைச் சொல்லும். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் வக்கீல் உதட்டைப் பிதுக்குவார், வங்கி கடன் தராது.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் இப்படி ஒரு தாய்ப்பத்திர வரிசை உண்டு. எந்த வரியை யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்று பதிந்து வைக்கும் ஏற்பாடு அது. அதற்கு 'வெர்ஷன் கண்ட்ரோல்' என்று பெயர். இன்று உலகில் மிக அதிகமாகப் புழங்குவது 'கிட்' என்பது. உங்கள் மகனோ பேத்தியோ சாஃப்ட்வேர் வேலையில் இருந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக எதையோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல சமயம் அது கிட்டுக்கு இடும் கட்டளையாகத்தான் இருக்கும்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். கோபாலில் தொடங்கினேன் (ஆள் பெயரல்ல, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மொழி). ஓய்வு பெறும் வருடங்களில் இந்தக் கிட்டோடு நன்றாகப் பழகினேன். இதன் கதையில் நம் வயதுக்காரர்களுக்குப் பிடித்த விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நட்பு, கோபம், திருட்டு, கணக்கு எல்லாம் உண்டு.

ஏடு இல்லாத காலம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) சம்பளப் பட்டியல் போடும் புரோகிராமை ஐந்து பேர் கையாண்டோம். ஃப்ளாப்பி தட்டுகளில்தான் எல்லாம். 'சம்பளம் புதிது', 'சம்பளம் கடைசி', 'சம்பளம் கடைசி 2' என்று மேலே பேனாவால் எழுதி பீரோவில் அடுக்கி வைத்திருப்போம். ஒரு மாதம் நிலுவைத் தொகையைத் தப்பாகக் கணக்கிட்டுப் பலருக்குச் சம்பளம் குறைந்துவிட்டது. யார் மாற்றியது என்று மேலிடம் கேட்டது. கடைசி ஃப்ளாப்பியில் இருந்தது எங்களில் இளையவனின் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். அவனுக்கு மெமோ கொடுத்து இன்கிரிமென்டையும் நிறுத்தினார்கள்.

ஆறு மாதம் கழித்து, பீரோவைச் சுத்தம் செய்யும்போது அந்தப் புரோகிராமின் பழைய அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தது. ஓரத்தில் துளை போட்ட, மடிப்பு மடிப்பாக வரும் தாள். அந்தத் தப்பான வரி அதிலேயே இருந்தது. பிரதியின் தேதி, அவன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தையது. எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏறியது ஏறியதுதான், யாரும் அதை எடுக்கவில்லை. அடுத்த வருடம் அவன் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான்.

ஏடு இல்லாத இடத்தில் பழி கடைசியாக வந்தவன் மேல்தான் விழும். இந்த நோய்க்கு அமெரிக்காவில் அதற்கும் பதினைந்து வருடங்களுக்கு முன்பே மருந்து கண்டுபிடித்திருந்தார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பூட்டும் சாவியும்

1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் 'சோர்ஸ் கோட் கண்ட்ரோல் சிஸ்டம்' என்ற ஒன்றை எழுதினார். முதலில் ஐ.பி.எம். இயந்திரத்துக்கு, பிறகு யூனிக்ஸுக்கு. அவருடைய யோசனை எளிமையானது. ஒவ்வொரு தடவையும் முழுப் பிரதி எடுத்து அடுக்க வேண்டாம். ஒரே ஃபைலில் எல்லா வரிகளையும் வைத்துக்கொள். எந்த வரி எந்தத் திருத்தத்தில் உள்ளே வந்தது, எந்தத் திருத்தத்தில் வெளியே போனது என்று குறித்துவை. அதை வைத்து எந்த நாளின் புரோகிராமையும் மறுபடி வரவழைக்கலாம். யூனிக்ஸில் திருத்தத்தை ஏற்றும்போது அது 'குறிப்பு?' என்று ஒரு கேள்வி கேட்கும். ஏன் மாற்றினாய் என்று அர்த்தம். இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி என்பவர் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். புதிய பிரதியை முழுசாக வைத்துக்கொண்டு, பழையதற்குப் போகப் போகக் கழித்துக்கொண்டே போவது. நாம் அடிக்கடி புரட்டுவது இன்றைய கணக்கைத்தானே, அது சட்டென்று வர வேண்டும். இரண்டிலும் பூட்டு உண்டு. ஒருவர் ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால் அது அவர் பெயரில் பூட்டப்படும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சாவியை வைத்திருப்பவர் மருத்துவ விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று அலுவலகங்களில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பூட்டை உடைத்தது ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆசிரியர் டிக் க்ரூன். அவரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஒரு மாணவர் பகலில் ஒழுங்காக வேலை செய்பவர், இன்னொருவர் எந்த நேரத்தில் வருவார் என்று சொல்ல முடியாது, க்ரூனுக்கு மாலையில்தான் நேரம். மூவரும் பூட்டுக்காகக் காத்திருந்தால் வேலை நடக்காது. அவரவர் தனித்தனியாகத் திருத்தட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று 'சி.வி.எஸ்.' என்ற முறையை எழுதி, 1986-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்தால் மட்டும் அது நிறுத்திக் கேட்கும். பெரும்பாலும் அப்படி நேர்வதில்லை என்பதுதான் அவர் கண்ட உண்மை.

ஆனால் சி.வி.எஸ்.ஸில் ஏடு ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அந்த இயந்திரம் படுத்தால் எல்லோரும் படுக்க வேண்டியதுதான். அதில் யாராவது கள்ளத்தனமாகக் கை வைத்தால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஒரு சமக்குறி

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். உலகம் முழுவதிலிருந்தும் திருத்தங்கள் ஈமெயிலில் வரும், அவரே கையால் சேர்ப்பார். பத்து வருடம் இப்படியே ஓடியது. சி.வி.எஸ்.ஸைக் கண்டால் அவருக்கு ஆகாது. அனுப்பிய திருத்தம் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை என்று முணுமுணுப்புகள் பெருகின. 2002-இல் லாரி மெக்வோய் என்பவரின் நிறுவனம் தயாரித்த 'பிட்கீப்பர்' என்ற கருவிக்கு மாறினார். அதில் ஒவ்வொருவரிடமும் ஏட்டின் முழுப் பிரதி இருக்கும். விலைக்கு விற்கும் பொருள்தான், லினக்ஸ்காரர்களுக்குச் சில நிபந்தனைகளோடு இலவசம். அந்த நிபந்தனைகள் பிடிக்காதவர்களுக்காக, அதே ஏட்டின் நகல் ஒன்றை சி.வி.எஸ். முறையிலும் வைத்திருந்தார்கள்.

2003 நவம்பரில் அந்த நகலில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மூல ஏட்டில் இல்லாத இரண்டு வரிகள் நகலில் இருந்தன. மற்ற ஒவ்வொரு திருத்தத்திலும் மூல ஏட்டின் எண் இருக்கும், இதில் இல்லை. தாய்ப்பத்திர எண் இல்லாத பத்திரம்! எடுத்துப் பார்த்தால், கூப்பிடுபவர் தலைமை நிர்வாகியா என்று சோதிப்பது போல ஒரு வரி. சோதிக்க இரண்டு சமக்குறி போட வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. அந்த மொழியில் ஒற்றைச் சமக்குறிக்கு 'ஆக்கு' என்று பொருள். 'இவர் தலைமை நிர்வாகியா?' என்ற கேள்வி, 'இவரைத் தலைமை நிர்வாகியாக்கு' என்ற கட்டளையாக மாறிவிட்டது. அது மூலத்துக்குள் போயிருந்தால், சூட்சுமம் தெரிந்த எவரும் தான் பயன்படுத்தும் லினக்ஸ் இயந்திரத்தில் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். செய்தது யார் என்று வெளிவரவே இல்லை. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் மட்டுமே பிடிபட்டது.

பத்து நாளில் ஒரு பேரேடு

2005-இல் நட்பு முறிந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பிட்கீப்பரோடு பேசக்கூடிய ஒரு புரோகிராமைத் தானாக எழுத முற்பட்டார். இது நிபந்தனைக்கு விரோதம் என்றார் மெக்வோய். நான் அந்த நிபந்தனைகளில் கையெழுத்தே போடவில்லையே என்றார் ட்ரிட்ஜல். தான் என்ன செய்தேன் என்று அவர் பிறகு ஒரு மாநாட்டு மேடையில் காட்டினார். அந்த இயந்திரத்தோடு தொடர்பு கொண்டு, 'ஹெல்ப்' என்று தட்டினார், அதுவே தன் கட்டளைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டது! கூட்டம் சிரித்தது. ஆனால் இலவச உரிமம் போனது போனதுதான்.

உலகத்தின் மிகப் பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்று, ஒரே மாதத்தில் ஏடு இல்லாமல் நின்றது. லைனஸ் மற்ற கருவிகளைப் பார்த்தார், எதுவும் அவருக்கு வேண்டிய வேகத்தில் இல்லை. ஏப்ரல் 3-ஆம் தேதி தானே எழுத உட்கார்ந்தார். 7-ஆம் தேதி அந்தக் கருவி தன் சொந்தத் திருத்தங்களைத் தானே பதியத் தொடங்கிவிட்டது. அப்போது அது ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தான். 16-ஆம் தேதி லினக்ஸ் அதில் ஏறியது. 'கிட்' என்பது ஆங்கிலேயரின் பேச்சில் ஒரு திட்டுச் சொல். என் படைப்புகளுக்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று தன்னையே கேலி செய்துகொண்டார். ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்ற ஜப்பானியரிடம் கொடுத்துவிட்டு லினக்ஸுக்குத் திரும்பினார். பொறுப்பேற்ற ஹமானோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கட்டிக்காத்து வருகிறார்.

கிட்டின் அஸ்திவாரம் கைரேகை. ஒவ்வொரு பதிவையும் (கமிட் என்பார்கள்) ஒரு கணக்கில் போட்டு 40 எழுத்துகள் கொண்ட ஓர் எண்ணை எடுக்கிறது. பதிவுக்குள் அன்றைய ஃபைல்களின் கைரேகை, எழுதியவர், ஏட்டில் ஏற்றியவர், தேதி, காரணம், முந்தைய பதிவின் கைரேகை எல்லாம் அடக்கம். எழுதியவரும் ஏற்றியவரும் வேறாக இருக்கலாம் என்பது ஈமெயிலில் திருத்தம் வாங்கிய காலத்தின் மிச்சம். பத்து வருடத்துக்கு முந்தைய பதிவில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினால் அதன் கைரேகை மாறும். அதனால் அடுத்ததன் கைரேகை மாறும். இன்றுவரை வரிசையாக எல்லாம் மாறிவிடும். ஏட்டின் பிரதி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் அது தெரிந்துவிடும்.

இதற்குச் சோதனை 2011 ஆகஸ்டில் வந்தது. லினக்ஸின் தலைமை இயந்திரங்களுக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். தளத்தை மூடிவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் சுத்தம் செய்தார்கள். ஆனால் லினக்ஸ் புரோகிராமைப் பற்றிப் பெரிதாகப் பதறவில்லை. உலகம் முழுவதும் பிரதிகள், ஒவ்வொன்றிலும் அதே கைரேகைகள். 2003-இல் ஒருவர் விழிப்பாக இருந்ததால் தப்பித்தார்கள். 2011-இல் ஏட்டின் அமைப்பே காவல் காத்தது. 2017-இல் இந்தக் கைரேகைக் கணக்கில் ஓட்டை இருப்பதை ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்களும் கூகுளும் செய்து காட்டியபோது, அத்தகைய போலிகளை இனம் காணும் கணக்குக்குக் கிட் மாறிக்கொண்டது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பதிவில் இருக்கும் பெயரை அவரவரே தட்டிக்கொள்கிறார்கள், யார் பெயரையும் தட்டலாம். ஆள் உண்மைதானா என்பதற்கு டிஜிட்டல் கையொப்பம் தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் கையொப்பமிடும் வசதி 2012 தொடக்கத்தில் வந்தது.

கைதேர்ந்தவர்களின் கட்டளைகள்

கிட்டில் சேமிக்கவும் அனுப்பவும் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். அனுபவசாலி யார் என்பது ஏட்டைப் படிப்பதில்தான் தெரியும். இளைஞர்கள் இப்போது பட்டனை அழுத்துகிறார்கள். நான் சொல்லப்போகிறவற்றில் பலவும் கறுப்புத் திரையில் தட்டினால்தான் முழுசாகக் கைக்கு வரும்.

முதலாவது 'பைசெக்ட்', அதாவது பாதியாக வெட்டுதல். கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். கெட்டிக்கார எலெக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார். நடுவில் சோதிப்பார், எந்தப் பாதியில் கோளாறோ அதன் நடுவில் மறுபடி சோதிப்பார். போன மாதம் சரியாக ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை, நடுவில் 1,000 திருத்தங்கள் என்றால், இந்த முறையில் 10 சோதனையில் குற்றவாளித் திருத்தம் சிக்கிவிடும். லினக்ஸில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும், அதாவது ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை, பத்தாயிரத்துக்கு மேல் திருத்தங்கள் சேர்கின்றன. அதற்கும் 14 சோதனைகள் போதும். சோதனையைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டால், கிட்டே இரவெல்லாம் வெட்டிப் பார்த்துக் காலையில் பதிலோடு நிற்கும். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் சின்னதாக, தனியாக ஓடக்கூடியதாக இருந்தால்தான் இது பலிக்கும். ஒரு மாத வேலையை ஒரே மூட்டையாகக் கட்டிப் போடுபவர்களுக்குப் பைசெக்ட் மூட்டையைத்தான் காட்டும்.

இரண்டாவது 'பிளேம்'. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும். பழி என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. சப்வெர்ஷன் என்ற கருவியில் இதே கட்டளைக்குப் 'பாராட்டு' என்றும் ஒரு மாற்றுப் பெயர் வைத்திருந்தார்கள்! ஆபத்து என்னவென்றால், வரியின் முன்னால் இரண்டு இடைவெளி விட்டு அழகுபடுத்தியவர் பெயரும் அதில் வந்துவிடும். எங்கள் ஃப்ளாப்பி கதையேதான். கைதேர்ந்தவர் அங்கே நிற்க மாட்டார். இடைவெளி மாற்றங்களை ஒதுக்கச் சொல்வார். வேறு ஃபைலிலிருந்து நகர்ந்து வந்த வரிகளின் பூர்வீகத்தைத் தேடச் சொல்வார். 2019 முதல், அழகுபடுத்தும் பதிவுகளை எல்லாம் பட்டியலிட்டுக் கொடுத்து, இவற்றை விட்டுவிட்டுப் பார் என்றும் சொல்லலாம். இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சொல் அல்லது எண் முதன்முதலில் எந்தப் பதிவில் நுழைந்தது என்று ஏட்டைத் தோண்டும் கட்டளையும் உண்டு. அன்று இது எங்களிடம் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது 'ரீஃப்ளாக்'. தப்பான கட்டளையால் நாலு நாள் வேலை மறைந்துவிட்டது என்று இளைஞர்கள் முகம் வெளுத்து நிற்பார்கள். மறைந்தது பார்வையிலிருந்துதான். அவரவர் இயந்திரத்தில் நின்ற இடங்களையெல்லாம் கிட் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. வழக்கமாக 90 நாள் வரையிலும், எந்தக் கிளையிலும் சேராமல் அநாதையாக நிற்பவற்றை 30 நாள் வரையிலும் வைத்திருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்துப் பழைய இடத்துக்குத் திரும்பலாம். பதிந்த வேலைக்குத்தான் இந்தக் காப்பு, பதியாததற்கு இல்லை.

நான்காவது 'ரீபேஸ்', 'ரிவர்ட்' என்ற இரட்டையர். பத்திரம் எழுதுபவர் வரைவை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பி எழுதலாம். பதிவாளர் முத்திரை விழுந்த பிறகு அழிக்க முடியாது. தப்பு இருந்தால் பிழைத் திருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று போட வேண்டும். ரீபேஸ் வரைவுக்கு. நம் இயந்திரத்தோடு இருக்கும்வரை பதிவுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், வரிசையை மாற்றலாம். ரிவர்ட் முத்திரை விழுந்ததற்கு. பழைய பதிவு அப்படியே இருக்கும், அதை ரத்து செய்யும் புதுப் பதிவு மேலே வரும். பொது ஏட்டில் ஏறியதை வலுக்கட்டாயமாக மாற்றி எழுதவும் கிட் விடும். அதனால் கூட வேலை செய்பவர்களின் வேலை காணாமல் போகும். தவிர்க்க முடியாமல் செய்தே ஆக வேண்டுமென்றால், 'நான் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே ஏடு இருந்தால் மட்டும் மாற்று' என்று நிபந்தனை போடும் கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவரை நான் அனுபவசாலி என்று ஒப்புக்கொள்வேன்.

அந்தக் 'குறிப்பு?'

இத்தனையையும் கற்றுக்கொண்டாலும், ஒன்றைக் கருவி செய்து தராது. யார், எப்போது, எதை என்பவற்றைக் கிட் தானாகக் குறித்துக்கொள்ளும். ஏன் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். 1972-இல் பிறந்த கருவி கேட்ட அதே கேள்விக்கு இன்றும் பலர் 'திருத்தம்', 'சரி செய்தது', 'மறுபடியும் சரி செய்தது' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஐந்து வருடம் கழித்து அந்த வரியைத் தோண்டி எடுப்பவருக்கு ஒரு பெயரும் தேதியும் மட்டும் கிடைக்கும். காரணம் இல்லாத இடத்தில் பெயர் இருந்தால், அது பழியாகத்தான் முடியும். லினக்ஸ் ஏட்டில் ஒரே ஒரு வரித் திருத்தத்துக்கு இரண்டு பத்தி விளக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பு என்ன நடந்தது, ஏன் அது தப்பு, வேறு வழிகள் ஏன் சரிப்படவில்லை என்று எழுதியிருப்பார்கள். எழுதியவரை நேரில் பார்க்காதவருக்கும் அவர் தரப்பு நியாயம் அங்கே இருக்கிறது.

பிட்கீப்பரும் 2016-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. சண்டைக்குக் காரணமான வேலி பதினொரு வருடத்தில் தானே விழுந்தது. அதற்குள் உலகம் கிட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்த தடவை பேத்தி கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டிருந்தால், காரணத்தையும் இரண்டு வரி எழுதினாயா என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு பார்வை பார்ப்பாள். எழுதியும் வைப்பாள்.